வரப்புக்குள் தூங்குகிறவை

விய வருஷம், சித்திரை 14. விடியும்போதே வெயில்.

சரிடா சின்னசாமி, நான் வரப்பைத் தின்கிறவன்தான். போதுமா? உப்புப் போட்டுத் தின்பேனா, வெங்காயம் கடித்துக்கொண்டு தின்பேனா, அதையும் நீயே ஊருக்குள் சொல்லிவிடு. பல் நாலுதான் பாக்கி. வரப்பைத் தின்ன எனக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டாயா?

இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வருகிறது. அங்கே வேறு என்னவோ சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். களத்துமேட்டில் தம்பி சின்னசாமியைக் கூப்பிட்டேன். நம் இரண்டு கடலைக் கொல்லைக்கும் நடுவில் இருக்கிற வரப்பை இந்தக் கோடையிலேயே வெட்டிப் புரட்டுவோம், உள்ளே கிடக்கிற கம்பளிப்புழுக் கூட்டையெல்லாம் பொறுக்கிக் கொளுத்துவோம், பழையபடி வரப்பைப் போட்டுக்கொள்வோம் என்றேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"புழு பேரச் சொல்லி வரப்பத் திங்கப் பாக்குறியாண்ணே? பாகம் பிரிச்சுக் கல்லு நட்டாச்சு. வரப்புல மம்பட்டி பட்டுச்சு, அப்பறம் நடக்கறதே வேற."

போன ஆடியில் இரண்டு கொல்லைக் கடலையையும் புழு மொட்டை அடித்ததை மறந்துவிட்டான். பச்சை தீர்ந்ததும் படை படையாக நடந்து போயிற்று. செத்து ஒழிந்தது என்று ஊரே சொன்னது. சாகவில்லை. வேப்பமரத்தடி வரப்பில் மண்ணைத் துளைத்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். காலையில் அங்கே ஒதுங்கப் போயிருந்தேன். இதைத் தம்பியிடம் சொன்னது தப்பு. "அங்கயா உக்காந்த? அது என் பக்கம்" என்றான்.

வாங்க: மூக்குப்பொடி. மண்ணெண்ணெய், ரேஷனில் கொடுத்தால். மாட்டுக்குப் பிண்ணாக்கு.

சித்திரை 18. நேற்று சாயங்காலம் கோடை மழை. ஓடையில் தண்ணீர்.

மழை நின்றதும் வரப்புக்குப் போனேன். அவனும் வந்திருந்தான். அவன் பக்கம் அவன், என் பக்கம் நான். நல்ல மழை பெய்தால் பொழுது சாய மண்ணைக் கிளப்பிக்கொண்டு வெள்ளைப் பூச்சி வரும், அது முட்டை போடும், முட்டையிலிருந்து புழு வரும். இது எல்லோருக்கும் தெரிந்தது. மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம், பெண் வீட்டுக்காரனும் மாப்பிள்ளை வீட்டுக்காரனும் மாதிரி.

இரண்டு மூன்று பூச்சிதான் வந்தது. செருப்பால் நசுக்கினான்.

அவ்வளவுதான், மற்றதெல்லாம் உள்ளேயே மக்கிப் போயிற்று என்றான். வைகாசி மழைக்கு விதைக்கப் போகிறானாம்.

நான் சொன்னேன்: "இது சமையக்காரன்டா. பந்தி இனிமேதான் வரும்."

கேலி என்று நினைத்துப் போய்விட்டான். நான் கேலியாகச் சொல்லவில்லை. கேலி மாதிரி வந்துவிட்டது.

இடது முழங்கால் வலி.

சித்திரை 20. புழுக்கம்.

என் பக்கத்துச் சரிவில் குச்சியால் கிளறிப் பார்த்தேன். இருக்கிறது. பேரீச்சங்கொட்டை போல, அதைவிடத் தடியாக, பழுப்பும் சிவப்புமாக. கையில் எடுத்தால் செத்த பொருள். விரலால் தொட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறது. என்னை எழுப்பாதே என்கிற ஆட்டல். விடியற்காலையில் என் வீட்டுக்காரி கூப்பிட்டால் நான் ஆட்டுகிற மாதிரியே.

கொஞ்சம் கொண்டுவந்து இரண்டு சட்டியில் மண் போட்டுப் புதைத்தேன். ஒன்று அடுப்பு ஓரம், சொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்னொன்று மாட்டுக் கொட்டகையில், தினமும் தெளிப்பது. தண்ணீர்தான் எழுப்புகிறதா, வேறு ஏதாவதா, பார்த்துவிடுகிறேன்.

வீட்டுக்காரி: "பேரப்புள்ளைக்குத் தொட்டில் கட்டுன கையி, இப்பப் பூச்சிக்குத் தொட்டில் கட்டுது. ஊருல கேட்டாச் சிரிப்பாங்க."

சிரிக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. மூன்று நாள் முன்னால் அவ்வளவு மழை. வரப்பு ஊறிப் போயிற்று. கதவைத் தட்டின மாதிரிதான். ஏன் திறக்கவில்லை? உள்ளே இருட்டு. சூரியன் இல்லை, பஞ்சாங்கம் படிக்க ஐயர் இல்லை. இது நம் மழை இல்லை என்று அந்தக் கொட்டைக்கு யார் சொன்னது? காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தால் எனக்குக் கிழமை தெரிவதில்லை.

சித்திரை 27. பெரம்பலூர் போய் வந்தேன். வண்டியில் இடுப்பு போயிற்று.

விவசாய ஆபீஸில் கண்ணாடி போட்ட சின்ன வயதுக்காரர். மரியாதையாக நாற்காலி கொடுத்தார். நான் நினைத்தது சரிதான் என்றார். அதைக் கூட்டுப்புழு என்று சொல்ல வேண்டுமாம். உள்ளே உடம்பு கிட்டத்தட்ட நின்று போய்க் கிடக்குமாம். தீனி இல்லை, வளர்ச்சி இல்லை, ஆனால் சாவும் இல்லை. பயிர் இல்லாத மாதங்களை அப்படியே கடத்திவிடுமாம். அது வருவதற்குள் கோடையிலேயே ஆழ உழ வேண்டும், வரப்பை வெட்டிக் கொத்திவிட வேண்டும், வெயிலிலும் காக்கை வாயிலும் பாதி போய்விடும் என்றார்.

மாதம் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது இன்னும் எங்களுக்கே சரியாப் புடிபடலைங்க பெரியவரே. உள்ளுக்குள்ள ஏதோ ஒரு கணக்கு ஓடுதுன்னு தோணுது. கடியாரம் மாதிரின்னு வச்சுக்குங்களேன்."

சாவி யார் கொடுக்கிறார்கள் என்றேன். சிரித்தார். நல்ல பிள்ளை. ஊருக்கு வந்து என் தம்பியிடம் இதையே சொல்ல வேண்டும் என்று கேட்டேன். இந்தப் பக்கம் முடித்துவிட்டு ஆடியில் வருகிறேன் என்றார். புழுவும் அப்போதுதான் வருகிறது, இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்துவிடுங்கள் என்றேன்.

திரும்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இவர் வராவிட்டால் தம்பியிடம் சொல்ல ஆள் நான்தான். நான் சொன்னால் அவன் கேட்கமாட்டான்.

வைகாசி 6. காற்று. கண்ணில் புழுதி.

தம்பி பெண்டாட்டி அஞ்சலை வந்தாள். நான் அவளுக்கு மூத்தார். நேரே பேசக்கூடாது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கொட்டகையில் கட்டியிருந்த என் கன்றுக்குட்டியிடம் பேசினாள். நான் தீனி வைக்கிற மாதிரி அங்கேயே நின்றேன்.

"கன்னுக்குட்டி, வெதக்கடல ஒரு மூட்டதான் வூட்ல இருக்கு. அது போச்சுன்னா மறு வெதப்புக்கு வெத இல்ல. வெளஞ்சு வந்தாத்தான் தையில தனத்துக்குத் தாலி. மாப்ள வூட்ல இதுக்கு மேல பொறுக்கமாட்டாங்க. மூத்தாரு சொல்றது நெசமா, இல்ல எப்பவும் போல வெளையாட்டான்னு கேட்டுச் சொல்லு."

கன்று என்னைப் பார்த்தது. நானும் கன்றிடம்தான் பதில் சொன்னேன். நிஜம் என்றேன். சட்டி இரண்டையும் காட்டு, வேண்டுமானால் கொட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல் என்றேன். அவள் குனிந்து கொட்டகைச் சட்டியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்தாள். வால் ஆடியது. கீழே போட்டுவிட்டாள்.

பிறகு அவள் கன்றிடம் சொன்னது: தம்பிக்குப் பயம் புழு இல்லையாம், வரப்புதான். வெட்டின பிறகு எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு முனைக் கல்லுக்கும் கயிறு பிடித்து, மணியக்காரரை வைத்து அளந்து, அதே இடத்தில் திரும்பப் போடுவதென்றால் சம்மதிக்க வைக்கிறேன் என்றாள்.

கயிறு நான் வாங்கி வருகிறேன் என்று கன்றிடம் சொன்னேன். இந்த அழகான கன்றுக்கு மாப்பிள்ளை பார்க்கவா என்றும் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்ததை முந்தானையில் மறைத்தாள்.

தனம் தம்பி மகள், நான் தூக்கி வளர்த்த பெண். பாகம் பிரித்த பிறகு என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

வைகாசி 11. லப்பைக்குடிக்காடு போனேன். பாய் கடையில் கயிறு.

ஒரே துண்டாக, முடிச்சு இல்லாமல் வேண்டும் என்றேன். எதற்கு இவ்வளவு நீளம் என்றார் பாய். தம்பியைக் கட்டிப் போட என்றேன். "அல்லா, கட்டிப் போடுற வயசா ரெண்டு பேருக்கும்? சமாதானமாப் போங்க அண்ணாச்சி" என்று இரண்டு வெற்றிலையும் கொடுத்தார்.

மூக்குப்பொடி வாங்கினேன். போன தடவையைவிட மட்டம்.

வைகாசி 13. வெயில். நல்ல நாள்தான், பஞ்சாங்கப்படி.

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது.

மணியக்காரர் வந்தார். சின்னசாமி வந்தான், கையில் அவனே மம்பட்டி கொண்டுவந்தான். அண்ணே என்று கூப்பிட்டு வெற்றிலை நீட்டினான். தெற்குக் கல்லில் அவன், வடக்குக் கல்லில் நான், நடுவில் கயிறு. விறைப்பாக நின்றது. மணியக்காரர் முளை அடிக்கக் குனிந்தார். இன்னும் ஐந்தாறு முளை, பிறகு வெட்ட வேண்டியதுதான்.

அப்போது இந்த நாக்கு சொன்னது: "தம்பி, பாத்துக்கடா. பாய் கடக் கயிறு. மழ பட்டாச் சுருங்கும். உன் கொல்லையும் கூடச் சேந்து சுருங்கிடப் போவுது."

மணியக்காரர் சிரித்தார். சின்னசாமி கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகம் மாறுவது இங்கிருந்தே தெரிந்தது.

"அதான் கயிறு நானே வாங்கறேன்னியா?"

இல்லடா, சும்மா சொன்னேன் என்றேன். சும்மா சொன்னேன் என்று எத்தனை தடவைதான் அவனிடம் சொல்லியிருப்பேன். கயிற்றைக் கீழே போட்டான். மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். வேறு கயிறு கொண்டுவா, நீயே வாங்கு, மணியக்காரர் கயிறு போதும், எல்லாம் சொன்னேன். திரும்பவில்லை.

மணியக்காரர் முளைகளைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். எதையாவது வாயில் வைத்து அடைத்துக்கொள்ளக் கூடாதா என்றார்.

வைகாசி 14.

வீட்டுக்காரி கயிற்றைச் சுருட்டிப் பரணில் போட்டாள். 

வைகாசி 22. நல்ல மழை. மண்ணில் ஈரம் இரண்டு சாண் இறங்கிவிட்டது.

சின்னசாமி விதைக்கிறான். தனமும் அஞ்சலையும் ஏர் பின்னாலேயே கடலை போட்டுக்கொண்டு போகிறார்கள். நான் என் கொல்லையில் விதைக்கவில்லை. இந்த வருஷம் என் நிலம் சும்மா கிடக்கட்டும்.

ஒரு பூச்சிகூட வரவில்லை. கொட்டகைச் சட்டிக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கிறேன், அதிலும் வரவில்லை. கிளறிப் பார்த்தேன். வால் ஆடுகிறது.

என் பக்கத்துச் சரிவை மட்டும் குச்சியால் கிளறிக் கொஞ்சம் பொறுக்கி எரித்தேன். வரப்பு நடுவிலும், கிளுவை வேலி வேரடியிலும், அவன் பக்கத்திலும் கைவைக்க முடியாது. அங்கேதான் அதிகம்.

மாடு ஒன்றுக்குக் கழிச்சல். கஞ்சித் தண்ணீர் வைத்தேன்.

ஆனி 9. மேகம் கட்டுகிறது, கலைகிறது.

அவன் கடலை முளைத்துவிட்டது. சாலுக்குச் சால் பச்சை. இவ்வளவு நன்றாக முளைத்து நான் பார்த்து நாளாயிற்று.  சுற்று வட்டாரத்தில் வேறு யாரும் இன்னும் விதைக்கவில்லை, ஆடிப் பட்டத்துக்குக் காத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் இருப்பது விழித்தால் அதற்குக் கிடைக்கிற ஒரே இலை என் தம்பி இலை.

கிணற்றடியில் பேசிக்கொண்டார்களாம். வீட்டுக்காரி கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். பெரியவன் வீட்டுக்குள் சட்டியில் புழு வளர்க்கிறான், தம்பி கொல்லை மேல் ஏவிவிடத்தான் என்று. குன்னத்து மந்திரவாதி ஒருவனிடம் நான் போனதாகவும் சேர்த்துவிட்டார்கள். நான் குன்னம் போனது பல் பிடுங்க.

"அஞ்சலை தொட்டுப் பாத்தாளே, அவகூட ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"அவதான் சட்டி இருக்குன்னே சொன்னாளாம். பாத்தத சொன்னா. மீதிய ஊரு சொல்லிக்கிச்சு."

சட்டியை உடைத்துவிடுங்கள் என்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் என்று சொல்லி வைத்தேன்.

ஆனி 28. மேல்காற்று. மழை இல்லை.

சட்டியில் மாறுதல். கொட்டைகள் கறுத்துக்கொண்டு வருகின்றன. தோலுக்குள் றெக்கை மடிந்து கிடப்பது நிழலாகத் தெரிகிறது.

கொட்டகைச் சட்டி மட்டும் அல்ல. அடுப்போரச் சட்டியும். அதில் இத்தனை நாளும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. அது நெருப்புக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்தது, இது ஈரத்தில் ஊறிக் கிடந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் கறுக்கின்றன.

அப்படியானால் மழை எழுப்பவில்லை. அது கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்து கதவு திறக்கக் காத்திருப்பது கொட்டையேதான். சித்திரையில் திறந்த கதவுக்கு அது எழவில்லை. இப்போது எழுந்துவிட்டது.

பெரம்பலூர்க் கண்ணாடிப் பிள்ளையின் ஆபீஸுக்கு ஆள் அனுப்பினேன். அரியலூர்ப் பக்கம் போயிருக்கிறாராம், கல்லங்குறிச்சியில் முகாம்.

இரண்டு சட்டியையும் அடுப்பில் கவிழ்த்துவிட்டேன். வெடித்த சத்தம் கேட்டது. வீட்டுக்காரி பக்கத்தில் நின்று பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கேலி செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சோளத்தட்டை, கம்பந்தட்டை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். பூச்சி வருகிற அந்தச் சாயங்காலம் அவன் கொல்லையில் நாலு இடத்தில் தீ வைத்தால் தீயில் வந்து விழும். விழாததை ஆள் விட்டுப் பொறுக்கலாம். முட்டை போடுவதற்குள் செய்ய வேண்டும். வரப்பைத் தொடவேண்டியதே இல்லை. இதற்காவது சம்மதிப்பான்.

ஆடி 3. மத்தியானம் இடி. பிறகு ஊற்றியது.

மழை விட்டதும் போனேன். வெளிச்சம் இருந்தது. வரப்பு முழுக்க மண் பொருபொருவென்று கிளம்புகிறது. வேப்பமரத்தடி, கிளுவை வேர், அவன் பக்கம், என் பக்கம். ஈர றெக்கையோடு ஏறி வந்து செடியில் தொங்கி உலர்த்திக்கொள்கின்றன. கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி. ஒவ்வொன்றாகப் பறந்து அவன் கடலையில் இறங்குகிறது.

சின்னசாமி மேட்டில் நின்றிருந்தான். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒரு வார்த்தைகூட வேடிக்கையாக வந்துவிடக்கூடாது என்று. வரவில்லை.

"சின்னசாமி, தட்ட கட்டி வச்சிருக்கேன். எங்க தீ போடணும்னு நீ சொல்லு, நான் தூக்கியாந்து போடறேன். வரப்பு உன்னுதுன்னே வச்சுக்க. முழுசா எடுத்துக்க. மணியக்காரரக் கூப்புட்டு நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். தனத்துக்குத் தையில..."

கையைக் காட்டி நிறுத்தினான். கோபம் இல்லை அவன் முகத்தில். இருந்திருந்தால் தேவலை.

"பொறந்ததுலேருந்து உன் பேச்சக் கேக்கறேண்ணே. எந்த எடத்துல சிரிக்கணும்னு சொல்லிடு. சிரிச்சிட்டுப் போயிடறேன்."

சிரிக்க ஒன்றும் இல்லடா, இன்றைக்கு மட்டும் நான் சொல்வதை முழுசாக என்று ஆரம்பித்தேன். அவன் திரும்பி நடந்துவிட்டான். கூப்பிட்டேன். நடக்கிறான். தோளில் வெள்ளைத் துண்டு. அதில் ஒரு பூச்சி உட்கார்ந்து றெக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு போகிறது. அவனுக்குத் தெரியவில்லை. சொல்ல வாய் எடுத்தேன், டேய், உன் துண்டில்... அதுவும் கேலி மாதிரித்தான் வாயில் வந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன்.